பத்துக்கு ஒன்பது

மெக்கானிக்குக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. யாராவது ஒருவர் 'நல்லா இருக்கு' என்று சொல்லியிருந்தால் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேசாமல் வேலையைப் பார்க்கப் போயிருப்பார். யாரும் சொல்லவில்லை.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். லிஃப்ட் ஒழுங்காக ஓடும்வரை மெக்கானிக் என்று ஒருவர் இருப்பதே யாருக்கும் நினைவு வராது. நின்றுவிட்டால் அவர் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார்கள். திட்டு வாங்கியே தலை நரைத்த மனிதருக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தன் கையாலும் ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது என்று தோன்றியது.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். ஜன்னலோரம் மிஷின் போட்டிருந்தாள். அன்று, கூடவே தங்கியிருந்த தன் தம்பிக்கென்று தைத்த சட்டையை அவனுக்கே போட்டுப் பார்த்தபோது ஒரு கை மணிக்கட்டில் வந்து நின்றது, இன்னொரு கை முழங்கையிலேயே நின்றுவிட்டது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பல்லில் கடித்திருந்த நூலைக்கூட விடாமல், தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மெக்கானிக் போனை எடுத்து ஒரு படம் எடுத்தார். ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் வழிந்து கழுத்துவரை இறங்கியிருந்தது. ஓரத்தில் மச்சினனின் முழங்கை தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை.

வேலையிடத்து மேஸ்திரியிடம் காட்டினார். "போன் என்ன விலை?" என்றார் மேஸ்திரி. மளிகைக்கடைக்காரரிடம் காட்டினார். "உங்க வீட்டம்மாவா? போன மாசத்து பாக்கி இருக்குன்னு சொல்லுங்க" என்றார் அவர். மச்சினன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, என்னை வெட்டி முழங்கையை மட்டும் வெச்சிருக்கீங்க?" என்று வருத்தப்பட்டான். மனைவி மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அய்யே, பல்லெல்லாம் தெரியுது" என்றாள். பிறகு, "அழிச்சிடாதீங்க" என்றாள்.

அந்த வாரம் நகர மையத்தில் இருந்த ஓர் அலுவலகக் கட்டடத்தில் அவருக்கு வேலை. லிஃப்டின் ஏழாவது மாடிக் கதவு சரியாகச் சேரவில்லை. ஏழாவது மாடி முழுக்க 'நிழற்பட மதிப்பீட்டு மன்றம்' என்று பெயர்ப்பலகை. கதவைச் சரிசெய்து முடித்தபோது மன்றத்தின் செயலாளர் லிஃப்டுக்காக வந்து நின்றார். மெக்கானிக்குக்கு ஆசை வந்துவிட்டது. "சார், ஒரு படம் பாக்கறீங்களா?" என்று போனை நீட்டினார்.

செயலாளர் சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "காட்டாதீங்க! பாத்துட்டா அப்புறம் நான் மன்றத்துல உக்கார முடியாது."

"நீங்க படம் பாக்கறவங்கதானே சார்?"

"நாங்க மதிப்பிடறவங்க. பாக்கறது வேற. பாத்தா பிடிச்சுப் போயிடும். பிடிச்சுப் போயிட்டா நியாயம் எங்க இருக்கும்?" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "ஆக்கபூர்வமான விமர்சனம் வேணும்னா வியாழக்கிழமை வாங்க. இலவசம்தான்."

மெக்கானிக்கின் காதில் 'இலவசம்' என்பது மட்டும் விழுந்தது.

வியாழக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். ஜன்னலே இல்லாத நீளமான கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் காத்திருந்தார்கள். எல்லோரும் போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. பக்கத்து நாற்காலிப் பெரியவர் மட்டும் தணிந்த குரலில் கேட்டார்: "முதல் தடவையா?"

"ஆமாங்க. நீங்க?"

"நான் ஆறு மார்க் வாங்கிட்டேன். எங்க வீட்டு வாசல்ல ஒரு மரம், அதுதான் படம். கிளை ரொம்ப அடர்த்தியா இருக்குன்னாங்க."

"அப்புறம்?"

"இப்ப மரம் இல்ல," என்றார் பெரியவர். அவர் குரலில் பெருமைதான் இருந்தது. "ஆனா ஆறு இருக்கு."

உள்ளே கூப்பிட்டார்கள். நீண்ட மேசைக்குப் பின்னால் உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒளி உறுப்பினர் படத்தின் வெளிச்சத்தை மட்டும் பார்ப்பவர். ஓர உறுப்பினர் ஓரங்களை மட்டும் பார்ப்பவர். முகபாவ உறுப்பினர் ஓட்டை போட்ட அட்டை ஒன்றை வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பார்க்கும் அம்மாள். முழுப் படத்தையும் பார்ப்பவர் என்று அங்கே யாரும் கிடையாது. நடுவில் இருந்த தலைவர் எதையும் பார்க்கமாட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு மார்க் போடுவார்.

போன் கைமாறிக் கைமாறிப் போயிற்று. அட்டைகள் வைத்து எடுக்கப்பட்டன. தலைவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"ஐயா, உங்களை வரவேற்கிறோம். பாராட்டு என்பது ஒரு போதை. இந்த மன்றம் தொடங்கிய நாள்முதல் ஒருவரைக்கூட நாங்கள் அந்தப் போதைக்கு ஆளாக்கியதில்லை. நீங்கள் கேட்கலாம், இங்கே இருப்பவர்கள் என்ன படம் எடுத்திருக்கிறார்கள் என்று. பலரும் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் ஒருவரும் படம் எடுப்பதில்லை. எடுத்தால் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் இரக்கம் வரும். இரக்கத்தோடு எப்படி மார்க் போடுவது? உங்கள் படத்துக்கு மூன்று."

மெக்கானிக் ஓரடி முன்னால் வந்தார். "பத்துக்கா சார்?"

"பத்துக்குத்தான். ஆனால் மனம் தளரவேண்டாம். எங்கள் விமர்சனம் ஆக்கபூர்வமானது. ஆரம்பத்தில் நாங்களும் படத்தைத் திருத்தச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஜனங்கள் அங்கே கொஞ்சம் கறுப்பாக்கி, இங்கே கொஞ்சம் வெட்டிக் கொண்டுவந்தார்கள். அது ஏமாற்று வேலை. அதனால் இப்போது நாங்கள் படத்தைத் தொடுவதே இல்லை. படத்தில் இருப்பதைத்தான் திருத்துகிறோம். எங்கள் களப்பணியாளர் உங்கள் வீட்டுக்கு வருவார்."

"வேணாம் சார், சும்மா ஒரு அபிப்பிராயம் கேட்டுப் போகலாம்னுதான்..."

"கேட்டுவிட்டீர்கள் அல்லவா?" என்றார் தலைவர் அன்பாக.

களப்பணியாளர் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். மெலிந்த, அடக்கமான ஆள். கூட இரண்டு கொத்தனார்களும் ஒரு கூடை செங்கல்லும். முதல் வேலையாக வாசல் கதவில் '3' என்று பெரிதாக ஒரு வட்ட ஸ்டிக்கரை ஒட்டினார். பிறகு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "தண்ணி நல்லா இருக்கும்மா," என்றவர், உடனே முகம் வெளிறி, "மன்னிக்கணும். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது," என்றார். கொத்தனார்கள் ஜன்னலை அடைக்க ஆரம்பித்தார்கள்.

"ஏங்க!" என்று மனைவி கத்தினாள். "யாரோ நம்ம ஜன்னலுக்குக் கல்லு வெக்கறாங்க, நீங்க பாத்துகிட்டு நிக்கறீங்க!"

"இடதுபக்கத்து வெளிச்சம் அதிகம்மா," என்றார் களப்பணியாளர். "ஒளி உறுப்பினருக்குக் கண்ணு கூசிடுச்சு."

"அவருக்குக் கண்ணு கூசினா அவரு கண்ணை மூடிக்கட்டும். எனக்கு ஊசில நூல் கோக்க வெளிச்சம் வேணாமா?"

களப்பணியாளர் அதை ஒரு நல்ல கருத்தாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். கொத்தனார்கள் நிறுத்தவில்லை. மெக்கானிக் கையை நீட்டித் தடுத்திருக்கலாம். தடுக்கத்தான் எழுந்தார். ஆனால் அதற்குள் எதிர்வீட்டுக்காரி வாசலில் வந்து நின்று ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக் கதவில் ஐந்து ஒட்டியிருந்தது. இத்தனை நாளாக அது வீட்டு நம்பர் என்று நினைத்திருந்தார் மெக்கானிக். தெருவை எட்டிப் பார்த்தார். பல கதவுகளில் வட்டங்கள் இருந்தன. நிறைய வீடுகளில் ஜன்னல் இருந்த இடத்தில் புதுப்பூச்சு இருந்தது.

"ஒரு ஜன்னல்தானே," என்றார் மனைவியிடம்.

ஜன்னல் போன வீட்டில் அவளை மறுபடி படம் எடுத்துக்கொண்டு போனார். ஐந்து கிடைத்தது. ஐந்து என்று கேட்டதும் தன் நெஞ்சு ஒரு குதி குதித்ததை மெக்கானிக் கவனித்தார். வாழ்க்கையில் அவருக்கு யாரும் எதற்கும் மார்க் போட்டதில்லை. போட்ட மார்க் ஏறியதும் இல்லை.

"ஆனால் ஓரம்?" என்றார் ஓர உறுப்பினர். "ஓரத்தைப் பற்றி நான் பேசாமல் இருந்தால் என் நாற்காலிக்கே அர்த்தமில்லை. அங்கே ஒரு முழங்கை இருந்தது."

"புதுப் படத்துல அது இல்லீங்களே."

"படத்தில் இல்லை. ஆனால் அந்த முகம் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறதே. வீட்டில் ஒரு முழங்கை இருக்கிறது என்று அந்தக் கண் சொல்லிக்கொண்டிருக்கிறதே."

களப்பணியாளர் வந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மச்சினனைச் சுட்டிக் கேட்டார்: "இந்த முழங்கை இங்க எத்தனை நாளா இருக்கு?"

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். "முழங்கையா? சார், எனக்கு மீதி உடம்பும் இருக்கு, பாருங்க."

"இருக்கட்டும் தம்பி. உங்களுக்கு வெளியூர்ல ஒரு நல்ல வேலை பாத்திருக்கோம். சாப்பாடு, தங்க இடம் எல்லாம் உண்டு. வண்டி கீழ நிக்குது."

"என்ன வேலைங்க?"

"போனதும் சொல்லுவாங்க."

வேலை தேடித் தேடிச் செருப்புத் தேய்ந்தவன் அவன். அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். அக்கா, "போகாதடா, என்ன ஏதுன்னு தெரியாம" என்றாள். மாமா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "நல்ல சந்தர்ப்பம்தான் மாப்ள" என்றார். அவன் இரண்டு கையும் சமமாகத் திருத்தப்பட்ட அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெட்டியோடு இறங்கினான். வண்டிக்கு ஜன்னல் இல்லை. சில நாள் போன் செய்தான். "இங்க ரொம்பப் பேரு இருக்காங்கக்கா, எல்லாரும் யாரோ ஒருத்தர் படத்து ஓரத்துல இருந்தவங்களாம்" என்று ஒருதரம் சொன்னான். அதன்பிறகு மணி அடித்தது, எடுக்கவில்லை. பிறகு மணியும் அடிக்கவில்லை.

"அந்தப் பக்கம் சிக்னல் கிடைக்காதும்மா," என்றார் களப்பணியாளர், முழங்கை இல்லாத வீட்டில் எடுத்த படத்துக்குக் கிடைத்த '7'ஐக் கதவில் ஒட்டிக்கொண்டே.

ஏழு வந்ததும் தெருவின் முகம் மாறிவிட்டது. மளிகைக்கடைக்காரர் பாக்கியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. மூன்றாக இருந்தபோது தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிப் போனவர்களெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "ஏழு வீட்டுல தைச்சது" என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு மதிப்பு. மேஸ்திரி ஒருநாள் மெக்கானிக்குக்குத் தன் நாற்காலியைக் கொடுத்து உட்காரச் சொன்னார்.

மனைவி பல்பு வெளிச்சத்தில் கண்ணில் நீர் வழிய வழியத் தைத்தாள். தம்பிக்காக ஒரு தட்டு எடுத்துவைத்துவிட்டு, பிறகு அதைத் திரும்ப உள்ளே வைப்பாள். ஆனால் கடைக்குப் போய்விட்டு வரும்போது முந்தானையால் கதவு ஸ்டிக்கரின் தூசியைத் துடைத்துவிட்டு உள்ளே வருவதையும் மெக்கானிக் பார்த்தார்.

அடுத்த கூட்டத்தில் முகபாவ உறுப்பினர் எழுந்து நின்றார். இதுவரை அவர் முறை வரவில்லை. ஓட்டை அட்டையைக் கண்ணருகே பிடித்தபடி பேசினார்.

"சிரிப்பு என்பது முகத்தில் நடக்கிற ஒரு விபத்து. வாய் விரிகிறது, கண் சுருங்குகிறது, ஒன்றும் இருந்த இடத்தில் இருப்பதில்லை. இந்தப் பெண் ஜன்னல் போன பிறகும் சிரிக்கிறாள். முழங்கை போன பிறகும், குறைவாகத்தான் என்றாலும், சிரிக்கிறாள். இது பிடிவாதம். நான் சிரித்து வெகுநாளாகிறது. யாருக்காவது ஏதாவது குறைந்துபோயிற்றா? துக்கத்தில்தான் ஆழம் இருக்கிறது. ஆழத்துக்குத்தான் மார்க் இருக்கிறது."

மெக்கானிக் வெளியே வந்தபோது களப்பணியாளர் நடையில் காத்திருந்தார். கூட யாரும் இல்லை. கையில் செங்கல்லும் இல்லை.

"மத்த வேலையெல்லாம் நாங்க செய்வோம் சார். இது வீட்டுக்காரர்தான் செய்யணும். வெளியாள் செஞ்சா அது வன்முறை ஆயிடும். மன்றத்துக்கு அது பிடிக்காது."

"நான் என்ன செய்யணும்?"

"உங்களுக்குத் தெரியும் சார். கூடவே இருக்கறவருக்குத்தான் எங்க தொட்டா அடங்கும்னு தெரியும்."

அன்று சாயங்காலம் மனைவி ஏதோ ஒரு வாடிக்கைக்காரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் புருஷனுக்குச் சட்டை தைக்கச் சொல்லிவிட்டு, அளவுக்கு நாய்க்குட்டியின் கழுத்துப்பட்டியைக் கொண்டுவந்திருக்கிறாள், பை மாறிப்போய். சொல்லும்போதே மனைவிக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு பழைய சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொள்கிற சிரிப்பு. மெக்கானிக்குக்கும் உதட்டோரம் துடித்தது. அதை அடக்கிக்கொண்டார்.

"சிரிக்காத," என்றார். "சிரிச்சா நீ நல்லாவே இல்ல. கல்யாணமான நாள்லேருந்து சொல்லணும்னு நெனச்சுகிட்டிருந்தேன்."

சிரிப்பு உடனே நிற்கவில்லை. கொஞ்ச தூரம் ஓடி, தானாக நின்றது. அவள் அவரைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தில் தேடினாள். இல்லை என்று தெரிந்ததும் உதட்டை மூடிக்கொண்டாள். மெக்கானிக் போனைத் தூக்கினார்.

அந்தப் படத்தை மேசைமேல் வைத்ததும் உறுப்பினர்கள் அட்டைகளைக் கீழே வைத்தார்கள். செயலாளர் எழுந்து நின்றார். தலைவர் கண்ணைத் திறந்தார். அவர் கண்ணைத் திறந்து அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. சாம்பல் நிறத்தில், ஈரமாக இருந்தது.

"ஒன்பது," என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். தலைவரே எழுந்துவந்து மெக்கானிக்கின் தோளில் கைபோட்டு, ஒன்பது வாங்கியவர்களுக்கு மட்டும் திறக்கிற உள் அறைக்கு அழைத்துப்போனார். சுவர் முழுக்கப் படங்கள். சைக்கிளில் சாய்ந்து நிற்கும் ஒரு தபால்காரர். ஒரே மாதிரிக் கவுன் போட்ட இரட்டைப் பெண்கள். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். எல்லா முகமும் இருந்த இடத்தில் இருந்தது. எல்லாவற்றின் கீழும் பத்து என்று எழுதியிருந்தது.

"அந்த ஒரு மார்க்கு எதுக்கு சார் கொறஞ்சது?" என்று கேட்டார் மெக்கானிக். கேட்கும்போது அவருக்கு உண்மையிலேயே அதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று இருந்தது. "என்ன குறைன்னு சொன்னீங்கன்னா..."

"படத்தில் குறையே இல்லை ஐயா. அதுதான் எங்கள் சங்கடம்." தலைவர் பெருமூச்சு விட்டார். "நான் இன்றைக்குப் பத்து போடுகிறேன் என்று வையுங்கள். நாளைக்கு உங்கள் மனைவி ஒரு தும்மல் போடுவாள். பருத்துப்போவாள். ஒருவேளை மறுபடியும் சிரித்துவிடுவாள். அப்போது நான் போட்ட மார்க் பொய்யாகிவிடுமே! நான் போகலாம், நீங்கள் போகலாம், ஒரு மார்க் பொய்யாகக்கூடாது. அதனால் ஆள் இருக்கும்வரை ஒன்பதுக்கு மேல் கிடையாது."

மெக்கானிக் தபால்காரரைப் பார்த்தார். "இவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

"இவங்கன்னா?" தலைவர் முதல்முறையாகப் பேச்சுத்தமிழுக்கு இறங்கினார். நிஜமாகவே புரியாமல் சுவரைப் பார்த்தார். "படங்களா? இங்கதானே இருக்கு." பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "நீங்கள் எதுவும் செய்யவேண்டியதில்லை. இதில் குடும்பத்தாரைச் சிரமப்படுத்துவது எங்கள் வழக்கமில்லை. களப்பணியாளர் இப்போதுதான் கிளம்பினார். மிகவும் மென்மையானவர். உங்கள் வீட்டுத் தண்ணீர் நன்றாக இருக்குமாமே?"

மெக்கானிக் நடையில் ஓடினார். லிஃப்ட் கதவு அப்போதுதான் சேர்ந்தது. அவர் சரிசெய்த கதவு, சத்தமில்லாமல் சேர்ந்தது. உள்ளே களப்பணியாளரும் இரண்டு புது ஆட்களும், மடித்த கறுப்புத் துணியோடு. மெக்கானிக் கீழே ஓடவில்லை, மேலே ஓடினார். மொட்டைமாடி மோட்டார் அறைப் பூட்டைத் திறந்து மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். கயிறுகள் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றன. பிறகு கீழே இருளுக்குள்ளிருந்து கதவை மெதுவாகத் தட்டும் ஓசை கேட்டது. "பரவாயில்ல சார்," என்றது அடக்கமான ஒரு குரல். "அவசரமில்ல. நாங்க இருக்கோம்."

அறையைப் பூட்டிச் சாவியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு, படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினார். வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அவன் வந்து பூட்டை உடைக்கும்வரைதான் நேரம்.

வீட்டில் பல்புகூடப் போடவில்லை. அவள் மிஷினுக்குப் பக்கத்தில், அடைத்த ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"கெளம்பு," என்றார் மூச்சிரைக்க. "இப்பவே. சாமான் எதுவும் வேணாம். உன் தம்பி எங்க இருக்கான்னு தேடுவோம், அங்க போவோம், எங்கயாவது போவோம், எழுந்திரு."

அவள் எழுந்திருக்கவில்லை. "எவ்வளவு போட்டாங்க?"

"அதை விடு. அன்னிக்கு நான் சொன்னது பொய். நீ சிரிக்கறது பத்திச் சொன்னேனே, அது சத்தியமா பொய். மார்க்குக்காகச் சொன்னேன்."

"அதை நீங்க சொல்லி என்னங்க ஆகப்போகுது? அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க," என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். "எவ்வளவு போட்டாங்க, சொல்லுங்க."

"ஒம்பது."

அவள் அந்த எண்ணை இருட்டில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். "எதிர்வீட்டுல இப்ப எட்டுதான்," என்றாள். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு, முகவாயை இறக்கி, உதட்டை மூடி, அவர் போனைத் தூக்கும்போது எப்படி உட்காருவாளோ அப்படி உட்கார்ந்தாள்.

"இன்னும் ஒண்ணுதானேங்க," என்றாள். "நான் என்ன செய்யணுமாம்?"